வேர் பாக்டீரியா போட்டால் நெல்லின் மரபணு மாறுமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் தாழ்வான வயல். சம்பாவுக்கு சிஆர் 1009 சப்-1 நடப்போகிறேன். ஒரு பாட்டிலைக் காட்டி, "இந்த வேர் பாக்டீரியாவை விட்டால் பயிரின் மரபணுவே மாறிடும், வெள்ளம் வறட்சி இரண்டையும் தாங்கும்" என்கிறார் கடைக்காரர். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: மரபணு மாறாது. அந்தப் பேச்சை நம்பி வாங்க வேண்டாம். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

வேரில் குடியேறும் பாக்டீரியா, பயிரிடம் ஏற்கெனவே இருக்கிற சில மரபணுக்களை முடுக்கிவிடும். 1999-இல் சுவீடனின் உப்சாலாவில், அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியின் வேரில் பேனிபேசில்லஸ் பாலிமிக்சா என்ற பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். வறட்சியோடு தொடர்புள்ள இஆர்டி15 மரபணு கூடுதலாக வேலை செய்தது. தண்ணீரை நிறுத்தியபோது அந்தச் செடிகள் அதிகம் தாக்குப்பிடித்தன. பலரும் சொல்லாமல் விடுவது என்னவென்றால், வறட்சி வருவதற்கு முன் அதே செடிகள் சற்றுக் குட்டையாகத்தான் இருந்தன. பாக்டீரியாவே செடிக்கு ஒரு லேசான தொல்லை, அதில்தான் செடி உஷாராகிறது. எனவே இரண்டு பங்கு போட்டால் இரண்டு பங்கு பலன் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெள்ளம் வேறு விஷயம். தண்ணீருக்குள் மூழ்கிய பயிரில் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. (வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான்.) சாதாரண நெல் உடனே தலையை வெளியே நீட்டப் பார்த்து, சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். உங்கள் சிஆர் 1009 சப்-1 ரகத்தில் இருக்கும் சப்1ஏ மரபணு அந்த நீட்சியை அடக்கி வைக்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது இது. 2006-இல் அடையாளம் கண்டார்கள். உங்கள் ரகத்துக்குள் வந்ததும் கலப்பினம் செய்துதான், மரபணு மாற்றுப் பயிர் அல்ல. வளர்ச்சிப் பருவத்தில் முழுக்க மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் தாங்கும். பூக்கும் நேரத்தில் மூழ்கினாலோ, முழங்கால் நீர் மாதக்கணக்கில் நின்றாலோ சப்-1 காப்பாற்றாது. அப்போது எந்தப் பாட்டிலும் காப்பாற்றாது.

சரி, பாக்டீரியாவே வேண்டாமா? வேண்டும், ஆனால் விலை குறைந்த பழைய ஆட்களே போதும். அசோஸ்பைரில்லம் வேரைக் கிளைக்க வைக்கும், கொஞ்சம் தழைச்சத்தும் தரும். சூடோமோனாஸ் நோய் எதிர்ப்பைத் தூண்டும். அதில் சில வகைகள் எத்திலீன் உருவாகும் மூலப்பொருளையே சிதைத்துவிடும். வெள்ளத்துக்கு முன்பே வேர் திடமாக இருந்தால், வடிந்தபின் பயிர் சீக்கிரம் துளிர்க்கும். இவற்றின் உண்மையான உதவி அதுதான்.

விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும். ஏக்கர் நாற்றுக்கு 200 கிராம் அசோஸ்பைரில்லம் பொட்டலம் இரண்டை 16 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடுங்கள். வயலுக்கு நான்கு பொட்டலம், மக்கிய தொழுவுரத்தோடு. ரசாயன உரத்தோடு கலக்கக் கூடாது. விதைக்குக் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லி போட்டிருந்தால் 24 மணி நேரம் கழித்துத்தான் இந்தப் பாக்டீரியா உரங்கள்.

பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பொடி வகை அசோஸ்பைரில்லத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. கடை வாசலில் வெயிலில் காய்ந்த சரக்கில் அது மிஞ்சாது.

அப்புறம், மூழ்கி எழுந்த பயிருக்கு மறுநாளே யூரியா வீசாதீர்கள். புது இலை தலைகாட்டட்டும். ஒரு வாரம் போல ஆகும். அதன்பின் மேலுரம் கொடுங்கள்.