சக் சறுக்கிய இடம்

கேள்வி: ‘பெட்டர் கால் சால்’ தொடரில் சட்டத்தைக் கரைத்துக் குடித்த அண்ணன் சக், வழக்கறிஞரான தம்பி ஜிம்மி மீது நடந்த ஒழுங்கு விசாரணையில் அவனிடம் தோற்றது எப்படி?

பதில்: சாட்சி சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அவர் மனத்திலுள்ள பகையை வெளியே இழுத்தால் போதும். 2017-இல் வந்த மூன்றாம் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஜிம்மி அதைத்தான் செய்கிறான்.

சக்கின் கட்சிக்காரருக்கான ஆவணத்தில் 1261 என்ற முகவரி எண்ணை 1216 ஆக மாற்றியதை அவன் ஒப்புக்கொண்டதை சக் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். அண்ணனைத் தேற்றவே அப்படிச் சொன்னதாக ஜிம்மியின் வாதம். மின்சாரம் அருகில் இருந்தாலே உடம்பு தாங்காது என்பவர் சக். அவர் கோட்டுப் பையில், அவருக்கே தெரியாமல், சார்ஜ் நிறைந்த செல்போன் பேட்டரியை ஆள் வைத்துப் போடுகிறான். 1 மணி 43 நிமிடம் அது அங்கேயே கிடக்கிறது. அவர் உணரவே இல்லை! அது அம்பலமானதும், சிறுவயது முதல் சேர்த்துவைத்த வஞ்சத்தையெல்லாம் சக் கொட்டித் தீர்க்கிறார். ஜிம்மி வழக்கறிஞர் தொழில் செய்ய ஓராண்டுத் தடையோடு விசாரணை முடிகிறது.

ஆனால் முதல் துரோகம் சக்குடையது. தன் நிறுவனத்தில் தம்பிக்கு வேலை கிடைக்காமல் தடுத்துவிட்டு, பழியைக் கூட்டாளி ஹோவர்ட் சுமக்கவிட்டவர் அவர்தான். முதல் பருவத்தை மறுபடி பாருங்கள்.