சமூக அறிவியல் பாடத்துக்குள் பொருளியலை எப்படிக் கற்பிப்பது?

வரலாறு படித்துவிட்டுச் சமூக அறிவியல் ஆசிரியராக வந்திருப்பதாகவும், பொருளியல் அலகுகளுக்கு வந்தால் மட்டும் பாடம் வரையறைகளை மனப்பாடம் செய்விப்பதாகச் சுருங்கிவிடுவதாகவும், முறையாகப் பொருளியல் படிக்காத ஒருவர் இதை உருப்படியாக நடத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக முடியும். இதே பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் இன்னும் ஒரு படி மேலே சென்றே சொல்வேன்: வரலாறும் குடிமையியலும் தெரிந்த ஆசிரியருக்கு, பொருளியலைத் தனிப் பாடமாக நடத்துபவருக்கு எளிதில் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. விலை, வரி, வணிகம், பணம் ஆகிய ஒவ்வொன்றும் எந்தச் சூழலில், எவருடைய முடிவால், எவருக்கு நன்மையாகவும் எவருக்கு இழப்பாகவும் அமைந்தது என்பதை அவர் அதே வகுப்பறையில் காட்ட முடியும். அப்படிக் காட்டாமல், பொருளியலைப் புத்தகத்தின் கடைசிப் பகுதியாக ஒதுக்கித் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஓட்டி முடிப்பதால்தான் அது உயிரற்ற பாடமாகிவிடுகிறது.

முதலில், வரையறையை வகுப்பின் இறுதிக்குத் தள்ளுங்கள். வாய்ப்புச் செலவு என்ற கருத்தை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு காலி மனையும் ஒரே ஒரு கட்டடத்துக்கான நிதியும் இருக்கும்போது அங்கே மருத்துவமனை கட்டுவதா, நூலகம் கட்டுவதா, விளையாட்டரங்கம் கட்டுவதா என்று மாணவர்களை முடிவெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்தபின் எதை இழந்தார்கள் என்று எழுதச் சொன்னால், பெரும்பாலானோர் மற்ற இரண்டையும் எழுதுவார்கள். கைவிடப்பட்டவற்றுள் மிகச் சிறந்த ஒன்றின் மதிப்பு மட்டுமே வாய்ப்புச் செலவு, அனைத்தின் கூட்டுத்தொகை அன்று என்று விளக்குவதற்கு அதுவே சரியான தருணம். அதன்பின் வரையறையை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே எழுதிவிடுவார்கள்.

விலை உருவாவதைக் கற்பிக்க, கரும்பலகையில் தேவை, அளிப்பு என்ற இரண்டு கோடுகளை வரைந்து தொடங்குவதைக் காட்டிலும் வகுப்பையே சந்தையாக்கிவிடுவது நல்லது. இது புதிய உத்தி அன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய சந்தைச் சோதனைகளை 1948இல் வெளியிட்டார். அங்கே மாணவராக இருந்த வெர்னன் ஸ்மித், 1956இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனையைத் திருத்தி நடத்தத் தொடங்கினார். அந்த வழியில் வளர்ந்த ஆய்வுகளுக்காக 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார். பள்ளியில் இதை நடத்த இருபது அட்டைகள் போதும். வாங்குபவர் பத்துப் பேருக்கு 1 முதல் 10 வரை எண்ணிட்ட அட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். அந்த எண்ணுக்கு மேல் அவர்கள் விலை கொடுக்கக் கூடாது. விற்பவர் பத்துப் பேருக்கும் அதேபோல 1 முதல் 10 வரை கொடுங்கள். அந்த எண்ணுக்குக் கீழ் அவர்கள் விற்கக் கூடாது. அட்டையை எவருக்கும் காட்டக் கூடாது, விலையை உரக்கக் கேட்க வேண்டும், ஒருவருக்கு ஒரு பொருள்தான். ஒப்பந்தமான விலைகளை வரிசையாகப் பலகையில் எழுதிவந்தால், முதல் சுற்றில் அவை அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும். அதே அட்டைகளுடன் மூன்றாம், நான்காம் சுற்றுக்கு வரும்போது 5, 6 ஆகியவற்றை ஒட்டி நிற்கத் தொடங்கும். விற்பனையும் ஏறக்குறைய ஐந்தாக இருக்கும். அடுத்தவர் அட்டையில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத நிலையில், எவரும் ஆணையிடாமலே விலை ஓரிடத்தில் வந்து நின்றதைத் தம் கண்ணால் பார்த்தவர்களுக்குத் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் தாமே ஆடிய ஆட்டத்தின் படமாகத் தெரியும்.

அடுத்த சுற்றில், விலை 3க்கு மேல் போகக் கூடாது என்று அரசு ஆணையிட்டுவிட்டதாக அறிவியுங்கள். விற்க முன்வருவோர் அதிகபட்சம் மூவர். வாங்க நிற்போர் 3 முதல் 10 வரை அட்டை வைத்திருக்கும் எண்மர். பொருள் கிடைத்த மூவர் யார், முதலில் ஓடிவந்தவர்களா, விற்பவருக்கு வேண்டியவர்களா என்று கேளுங்கள். உச்சவரம்பு விலை பற்றாக்குறையை உண்டாக்கும் என்று சொல்லிப் பல வகுப்புகள் இத்துடன் நின்றுவிடும். என் வகுப்பில் 2 என்ற அட்டையுடன் சுற்றுக்குச் சுற்று வெறுங்கையோடு நின்ற மாணவி ஒருவர் நிற்கவிடவில்லை. “சார், எனக்கு இந்தப் பொருள் அவ்வளவா வேண்டாமா, இல்ல வேணும்னாலும் கையில காசு இல்லையா? அட்டையில ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியுது?” என்று கேட்டார். சந்தையைப் பற்றிப் பள்ளி மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய மிக முக்கியமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிச் செல்ல வேண்டிய இடம் வரலாறு. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனால் அந்த ஆண்டில் அங்கிருந்த உணவின் அளவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சமே இல்லாத 1941ஆம் ஆண்டைவிட 13 விழுக்காடு கூடுதல் என்றும் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் கணக்குக் காட்டினார். விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாததால், நிலமற்ற விவசாயக் கூலிகளும் மீனவர்களும் வாங்கும் திறனை இழந்தார்கள் என்பது அவருடைய வாதம். அவர் கையாண்ட தரவுகளை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மாணவர்களிடம் அதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியாயினும், சந்தைத் தேவை என்பது பணத்துடன் கூடிய விருப்பம் மட்டுமே என்பதை இதைவிட அழுத்தமாக எந்தப் பத்தியும் சொல்லாது.

பன்னாட்டு வணிகத்துக்கு, ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் தந்த கணக்கையே பலகையில் போடலாம். வகுத்தல் தெரிந்த எந்த மாணவருக்கும் புரியும். குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் வேண்டும், போர்ச்சுகலுக்கு 90 பேர் போதும். குறிப்பிட்ட அளவு திராட்சை மதுவுக்கு இங்கிலாந்துக்கு 120 பேர், போர்ச்சுகலுக்கு 80 பேர். இரண்டிலுமே போர்ச்சுகல் திறமை மிக்கது என்றால் அது எதற்காக வணிகம் செய்ய வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். மதுவை மட்டும் செய்து துணியை ஈடாகப் பெற்றால், போர்ச்சுகல் 90 பேர் செய்ய வேண்டிய துணியை 80 பேரின் உழைப்பில் பெற்றுவிடுகிறது. இங்கிலாந்தும் 120 பேருக்குப் பதில் 100 பேரின் உழைப்பில் மதுவைப் பெறுகிறது. இருவருக்கும் மிச்சம். பொருளியல் வகுப்பு இத்துடன் முடியலாம், உங்கள் வகுப்பு முடியக் கூடாது. இதே இரு நாடுகளும் 1703இல் மெத்துவன் ஒப்பந்தம் செய்துகொண்டன: ஆங்கிலேயக் கம்பளித் துணிகளைப் போர்ச்சுகல் தடையின்றி அனுமதித்தது, போர்ச்சுகீசிய மதுவுக்கு இங்கிலாந்து பிரெஞ்சு மதுவைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தீர்வை விதித்தது. துணியும் மதுவும் கைமாறியதற்குப் பின்னால் உழைப்புக் கணக்கோடு அரசியல் கூட்டணியும் இருந்தது என்று தெரிந்த மாணவர், வணிக ஒப்பந்தம் பற்றிய இன்றைய செய்திகளை வேறு விதமாகப் படிப்பார்.

பணவீக்கத்தை, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மனியை நடத்தும் வாரத்திலேயே நடத்திவிடுங்கள். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 4.2 லட்சம் கோடி மார்க்குக்குச் சமமாக இருந்தது என்பதை மாணவர்கள் வியப்புக்காக நினைவில் வைப்பார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூரைக் கைப்பற்றியதும், அதை எதிர்த்து வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்கு அரசு நோட்டு அச்சடித்து ஊதியம் கொடுத்ததும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குக் காரணம் கிடைக்கிறது. சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் நம்பியிருந்தவர்கள் அழிந்தார்கள், கடன் வாங்கியிருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதைப் பலகையில் இரு பத்திகளாக எழுதுங்கள்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியை நடத்தும்போது ஒரு பயிற்சி போதும்: ஒரு நாள் முழுவதும் வீட்டில் நடந்த வேலைகளையும், அவற்றைச் செய்தவர் யார் என்பதையும், அவற்றுள் எதற்குக் கூலி உண்டு என்பதையும் குறித்துவரச் சொல்லுங்கள். கூலியில்லாத சமையலும் பராமரிப்பும் அந்தக் கணக்கில் சேராது. நாட்டின் நலனை வருமான அளவீட்டை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது என்று, அந்த அளவீட்டை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸ் 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே எச்சரித்திருக்கிறார். இங்கேயே எண்களைப் படிக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலையின்மை 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்ந்தால், அதை 2 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு என்றும் சொல்லலாம், 50 விழுக்காடு உயர்வு என்றும் சொல்லலாம். யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எதற்காக என்று விவாதிக்க வையுங்கள்.

வரி, மானியம், தனியார்மயம் போன்றவற்றில் உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்க்கருத்தை, அதை நம்புபவரே ஒப்புக்கொள்ளும் வடிவில் முதலில் எடுத்துரைத்துவிட்டு உங்கள் கருத்துக்கு வாருங்கள். தேர்வுத் தாளிலும் இது தெரிய வேண்டும். ஒரு நகராட்சி பேருந்துக் கட்டணத்தைக் குறைப்பதா, அதே தொகையில் கூடுதல் பேருந்துகளை வாங்குவதா என்று கேட்டுப் பயணிகள் எண்ணிக்கை, செலவு ஆகியவற்றை அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். மாணவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். கைவிடப்பட்ட வாய்ப்பைச் சரியாகக் குறித்ததற்கும், இழப்பவர் யார் என்று சொன்னதற்கும், அட்டவணையின் எண்களைத் தம் வாதத்துக்குப் பயன்படுத்தியதற்கும் தனித்தனியே மதிப்பெண் கொடுங்கள். அந்த மதிப்பெண் பங்கீட்டை ஆண்டின் தொடக்கத்திலேயே வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.