எரியும் பரப்பு குறைகிறது, காட்டின் புகை கூடுகிறது: கேள்வி பதில்

கேள்வி: உலகத்தில் ஆண்டுதோறும் எரியும் நிலம் குறைந்துகொண்டே வருகிறது என்று ஒரு நண்பர் வரைபடம் அனுப்பினார். அப்படியென்றால் காட்டுத்தீ பற்றிய கூச்சலெல்லாம் வெறும் மிகைதானே?

பதில்: வரைபடம் சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. 1998 முதல் 2015 வரை உலகில் எரிந்த பரப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது உண்மை. குறைந்தது பெரும்பாலும் ஆப்பிரிக்கா போன்ற இடங்களின் சவன்னாப் புல்வெளிகளில். அங்கே வயலும் மேய்ச்சலும் ஊரும் பெருகியதால் தீ ஓட வழியில்லாமல் போனது. காடுகளின் நிலவரம் நேர்மாறு. 2001 முதல் 2023 வரையான காலத்தில் காட்டுத்தீயிலிருந்து வெளியேறும் கார்பன் உலக அளவில் சுமார் 60 சதவீதம் கூடியிருக்கிறது. வெப்பமண்டலத்துக்கு வெளியே, முக்கியமாக வடக்கே சைபீரியா, கனடா பக்கத்துக் காடுகளில், அது கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக வரைந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்.

கேள்வி: புல் எரிந்தாலும் புகைதான், மரம் எரிந்தாலும் புகைதான். அவ்வளவு வித்தியாசமா இருக்கும்?

பதில்: நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிந்த பரப்பு, அதில் எரியக்கூடிய பொருளின் எடை, அதில் உண்மையில் எரிந்த பங்கு, ஒரு கிலோ எரிந்தால் வரும் வாயு: இந்த நான்கையும் பெருக்கினால் உமிழ்வு கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, ஒரு எக்டேர் காட்டில் காய்ந்த எடையாக 100 டன் இருந்து பாதி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு சுமார் 1.6 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும். ஆக 80 டன். அதே ஒரு எக்டேர் புல்வெளியில் 5 டன் புல்தான் இருக்கிறது, முக்கால்வாசிக்கு மேல் எரிகிறது என்றாலும் 7 டன்னைத் தாண்டுவது கடினம். பரப்பு ஒன்றே, வாயு பத்து மடங்குக்கு மேல். அதனால்தான் எத்தனை லட்சம் எக்டேர் என்ற தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு நான் எதையும் முடிவு செய்வதில்லை.

கேள்வி: எரிந்த மரம் திரும்ப வளரும்போது அந்த வாயுவை உறிஞ்சிவிடுமே? கணக்கு நேராகிவிடாதா?

பதில்: புல்வெளிக்குச் சரி, அடுத்த மழைக்கே நேராகிவிடும். வடக்குக் காடுகளுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும், அதற்குள் மறுபடி எரியாமல் இருக்க வேண்டும். காட்டை அழித்து வயலாக்க வைக்கும் தீயில் திரும்ப வளர மரமே இல்லை.

இதில் மிக மோசமானது பீட் நிலம். மக்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டான சதுப்பு மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே எரிபொருளாகிவிடும். மேலே சுவாலை தெரியாது. உள்ளே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், பெருமழை வந்தால்தான் அணையும். 1997இல் இந்தோனேசியாவில் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) வறட்சியோடு இது நடந்தபோது வெளியேறிய கார்பன், அந்நாளைய உலகப் புதைபடிவ எரிபொருள் உமிழ்வில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம், மண் எவ்வளவு ஆழம் எரிந்தது என்பதை வானிலிருந்து அளப்பது கடினம் என்பது.

கேள்வி: 2023இல் கனடா எரிந்ததைத்தான் போக்கு என்கிறீர்களா?

பதில்: இல்லை. ஒரு ஆண்டு போக்கு ஆகாது. அந்த ஆண்டு அங்கே சுமார் 1.5 கோடி எக்டேர் எரிந்தது, வெளியேறிய கார்பன் 60 கோடி டன்னுக்கு மேல். அதைவிட அதிகமாகப் புதைபடிவ எரிபொருள் எரித்த நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்றுதான். ஆனால் இப்படி ஓர் ஆண்டு வருவதும் அடுத்த ஆண்டு தணிவதும் இயல்பு. தொடர் வரிசையில் தாழ்ந்த ஆண்டுகளும் மெல்ல மேலேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: சிலர் கார்பன் என்று எழுதுவார்கள், சிலர் கார்பன் டைஆக்சைடு என்று. முன்னதை 3.67ஆல் பெருக்கினால்தான் பின்னது.

கேள்வி: நூறு ஆண்டுக்கு முந்தைய கணக்கு உண்டா?

பதில்: ஏரி வண்டலில் படிந்த கரித்துகளும் பனிப்பாளத்தில் சிக்கிய வாயுவும் போக்கைச் சொல்லும், டன் கணக்கைத் துல்லியமாகச் சொல்லாது. உலகளாவிய உமிழ்வுத் தரவுத்தொகுப்பு 1997இலிருந்துதான் தொடங்குகிறது. அதிலும் செயற்கைக்கோளிலிருந்து தீயைக் கண்காணிக்கும் மோடிஸ் கருவி வந்த 2000க்குப் பிந்தையதையே நான் முழுதாக நம்புவேன்.

கேள்வி: கார்பன் டைஆக்சைடு மட்டும்தானா?

பதில்: பெரும்பங்கு அதுதான். சுவாலையில்லாமல் கனலும் தீயில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் கூடும். நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம் உண்டு.

கேள்வி: இதையெல்லாம் நாடுகள் தங்கள் கணக்கில் காட்டுகின்றனவா?

பதில்: அரைகுறையாக. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின்படி மனிதர் நிர்வகிக்கும் நிலத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறார்கள், அதிலும் இயற்கைச் சீற்றம் என்று பிரித்து ஒதுக்க விதி இடம் தருகிறது. 2019-20இல் ஆஸ்திரேலியத் தீ சுமார் 70 கோடி டன் கார்பன் டைஆக்சைடு வெளியிட்டதாக ஒரு மதிப்பீடு. இப்படி ஒதுக்கினால் அறிக்கையில் அது அமைதியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிடும். வளிமண்டலத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

கேள்வி: குறைக்க வழியே இல்லையா?

பதில்: நிலத்தைப் பொறுத்தது. பீட் நிலத்தில் கால்வாயை அடைத்து நீரைத் திரும்பத் தேக்குவதுதான் பலன் தரும். வட ஆஸ்திரேலியாவின் சவன்னாவில், பூர்வகுடி மக்கள் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே, புல் முழுதும் காயுமுன், சிறு சிறு தீ வைக்கிறார்கள். அப்பருவத்தின் இறுதியில் வரும் பெருந்தீ ஓட எரிபொருள் மிச்சமிருக்காது. அந்தத் திட்டங்களில் தொடக்கத்தில் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைந்ததற்கே பலன் கணக்கிடப்பட்டது. கார்பன் டைஆக்சைடைத்தான் புல் திரும்ப எடுத்துக்கொள்கிறதே.