சாயப்பட்டறையிலிருந்து சூளைக்கு

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் ஷேடு பார்க்கும் வேலை எனக்கு. வேதியியல் படித்தவள். சென்ற ஆண்டு ஒரு வார இறுதிப் பயிற்சியில் சக்கரத்தின் முன் உட்கார்ந்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கிண்ணங்களும் சுவரில் பதிக்கும் அலங்கார டைல்களும் செய்ய ஆசை. “ஃபைன் ஆர்ட்ஸ் படிக்காதவர்கள் இதில் நிலைப்பதில்லை” என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வயது 36. குயவர் குடும்பமும் இல்லை. இதற்குள் வந்தவர்களெல்லாம் எங்கிருந்து வந்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களிடம் சொன்னது தவறு. நம் நாட்டு ஸ்டுடியோ மட்பாண்டக் கலையின் முன்னோடியான சர்தார் குர்சரண் சிங் படித்தது நிலவியல். டெல்லியில் செங்கல் சூளை வேலைக்கு வந்தவர், 1919-இல் செராமிக் தொழில்நுட்பம் கற்க ஜப்பான் போனார். அங்கே அவருக்கு நண்பரான ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் கலை) கற்பிக்கவென்று இங்கிலாந்திலிருந்து அந்நாட்டுக்கு வந்தவர். ஊர் திரும்பிய சிங், டெல்லியின் பட்டான் குயவர்கள் பரம்பரையாகச் செய்துவந்த நீலப் பாண்டத்தை விடாமல் பின்தொடர்ந்தார். 1952-இல் டெல்லி ப்ளூ பாட்டரி பிறந்தது.

டைல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் ஹென்றி மெர்சர். சட்டம் படித்தார், வக்கீல் தொழில் செய்யவில்லை, தொல்லியலுக்குப் போனார். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் பழைய கருவிகளைச் சேகரிக்கும்போது, அவர்களுடைய மட்பாண்டத் தொழில் கண்முன்னே அழிவதைக் கண்டார். அதைக் காப்பாற்றத்தான் மண்ணில் கைவைத்தார். பாண்டம் கைகூடவில்லை, டைல் கைகூடியது. பழைய இரும்பு அடுப்புத் தகடுகளில் இருந்த உருவங்களே அவருடைய ஆரம்பகால டைல்களில் வந்து உட்கார்ந்தன. ஹாரிஸ்பர்க் சட்டமன்றக் கட்டடத்தின் தரையில் இன்றும் அவர் டைல்கள் இருக்கின்றன.

டெட்ராய்டில் 1903-இல் பெவாபிக் பாட்டரியைத் தொடங்கிய மேரி சேஸ் பெர்ரி பீங்கானில் ஓவியம் தீட்டியவர். கூட்டாளி ஹொரேஸ் கால்கின்ஸ் பல் மருத்துவப் பொருள் வியாபாரி. பொய்ப்பல் சுட அவர் உருவாக்கிய சூளைதான் மேரியின் வண்ணங்களுக்கும் உதவியது. இந்த ஜோடியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

புதுச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய இருவரில் ரே மீக்கர், செராமிக்குக்கு வருமுன் கட்டடக்கலை படித்தவர். பிறகு சுடாத பச்சை மண்கல்லில் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டுப் பார்த்தார். கட்டடக்கலை படித்தவருக்குத்தான் அப்படித் தோன்றும். இன்னொருவரான டெபோரா ஸ்மித் ஜப்பானில் பயின்றவர். இந்தியா முழுவதும் இன்று வேலை செய்யும் பலர் இவர்களிடம் கற்றவர்கள்.

இந்த வரிசையில் நம் வேளார்கள் பெயர் வராதது எனக்கு வருத்தம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஐயனார் குதிரையை வெடிக்காமல் சுட்டெடுப்பவருக்கு மண்ணின் ஈரமும் நெருப்பின் வேகமும் எந்தக் கல்லூரியும் தராத அளவுக்குத் தெரியும். குர்சரண் சிங்கும் மெர்சரும் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போனார்கள். நீங்களும் போங்கள். சக்கரம் பிடிக்க மட்டுமல்ல, மண் மிதிக்கவும் சூளை அடுக்கவும்.

ஷேடு பார்த்துப் பழகிய உங்கள் கண் கிளேஸில், அதாவது பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சில், பெரிய உதவி. ஆனால் இங்கே பூசும்போது தெரியும் நிறம் ஒன்று, சுட்டபின் வருவது வேறொன்று. கோபால்ட் ஆக்சைடு கறுப்புத் தூள், சுட்டால் நீலம். தாமிரம் காற்றோட்டமுள்ள நெருப்பில் பச்சையாகும், காற்றை அடக்கினால் சிவப்பாகும், சோடா மிகுந்த கிளேஸில் மயில்நீலம் தரும். கல்போல் இறுகச் சுடும் பாண்டமான ஸ்டோன்வேர் கிட்டத்தட்ட 1,200 முதல் 1,300 டிகிரியில் வேகும்போது, இரண்டு அலமாரித் தட்டுகளுக்கிடையே கூட நிறம் மாறும்.

வேலையை இப்போதே விடவேண்டாம். விரலளவு டைல்கள் நிறைய வெட்டுங்கள். ஒரே கிளேஸில் தாமிரத்தை அரை சதவீதத்திலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் கீறுங்கள். சொந்தச் சூளை வாங்குவது பிறகு. பக்கத்தில் யாராவது சுடும்போது ஓர் ஓரத்தில் இடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சுட்டபின் எனக்கும் படம் அனுப்புங்கள்.