கணக்கை மூட வேண்டாம், பிள்ளை

கேள்வி: அக்கா, உப்புவெளியில் வீட்டிலிருந்தே சாரி பிளவுஸ் தைக்கிறேன். ஓடர் எல்லாம் பேஸ்புக்கில்தான் வரும். கோணேசர் கோயிலில் எடுத்த என் படத்திலிருந்து முகத்தை வெட்டி, உடுப்பில்லாத ஓர் உடம்போடு ஒட்டி, என் பெயரிலேயே போலிக் கணக்குத் தொடங்கி யாரோ போட்டிருக்கிறான். என் போன் நம்பரும் அதில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் அழைத்து ‘எவ்வளவு?’ என்கிறார்கள். “நீ ஏன் படம் போட்டாய்? கணக்கை மூடு” என்கிறார் அண்ணா. மூடவா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: மூட வேண்டாம். உங்கள் தையல் மெஷினை ஒருவன் தூக்கிக்கொண்டு போயிருந்தால், ‘விறாந்தையில் வைத்து ஏன் தைத்தாய்?’ என்று அண்ணா கேட்டிருப்பாரா?

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், எங்களோடு இருந்த ஒரு டீச்சரைப் பற்றிப் பள்ளிக்கூட மதிலில் கரிக்கட்டியால் அசிங்கமாக எழுதியிருந்தார்கள். விடியமுன் நாங்களே சுண்ணாம்பு அடித்தோம். பெரிய உதவி செய்த நினைப்பு எங்களுக்கு. அவர் அதிபரிடம் போனபோது, “எங்கே எழுதியிருக்கிறது?” என்று அதிபர் கேட்டார். காட்ட வெள்ளை மதில்தான் இருந்தது. அடுத்த தவணை மாற்றலாகிப் போனது அந்த டீச்சர்தான்.

ஆகவே முதலில் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். ரிப்போர்ட் பண்ணினால் போலிக் கணக்கு மறைந்துவிடலாம், உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதற்குமுன் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்சொட் எடுங்கள், கணக்கின் லிங்கையும் கொப்பி பண்ணி வையுங்கள். இரவில் வந்த அழைப்புகளை அழிக்க வேண்டாம். அப்புறம் ரிப்போர்ட் பண்ணலாம். 18 வயது தாண்டியவர் என்றால், இப்படியான அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ‘ஸ்டொப் என்சிஐஐ’ (StopNCII.org) தளமும் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவற்றுக்குப் போகும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை மறியல் உண்டு. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், தொந்தரவு செய்வதற்காக ஒருவரின் தனிப்பட்ட விபரத்தை வெளியிடுவதைக் குற்றம் என்கிறது. (அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சரி, அது வேறு கதை.)

பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழைத்துப் பேசுங்கள். பிறகு பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போங்கள், அண்ணாவையும் கூட்டிக்கொண்டு. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.