கல்லின் மேல் மரம்

கேள்வி: இங்கிலாந்தின் பழைய கிராமத்துச் சத்திரங்களில் கீழ்த்தளம் கல்லாகவும், மேல்தளங்கள் மரச்சட்டமாகித் தெருவை நோக்கித் துருத்திக்கொண்டும் இருப்பது ஏன்?

பதில்: சாமர்செட்டிலுள்ள நார்டன் செயின்ட் பிலிப் கிராமத்தின் ஜார்ஜ் சத்திரத்தைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அருகிலிருந்த ஹிண்டன் மடத்துத் துறவிகளின் உடைமையாக 14ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததாகக் கருதப்படும் இக்கட்டடம், சந்தைக்கு வந்த கம்பளி வணிகர்களின் தங்குமிடமாகவும் கிடங்காகவும் விளங்கியது. தரை ஈரத்தை எதிர்த்து நிற்க வல்லது கல் என்பதால் கீழ்த்தளம் கல்லால் அமைந்தது. 15ஆம் நூற்றாண்டில் அதன்மேல் இரண்டு மரத்தளங்கள் எழுந்தன.

தளத்தின் விட்டங்களைக் கீழ்ச்சுவருக்கு வெளியே சற்று நீட்டி, அவற்றின் நுனியில் மேல்தளச் சட்டத்தை நிறுத்துவார்கள். தெரு நிலத்தை எடுக்காமலேயே அறை அகலமாகும். நுனியில் அழுந்தும் சுவரின் பாரம், விட்டத்தின் நடுப்பகுதி தொய்வதையும் ஓரளவு குறைக்கும். ஆணியை நம்பாமல், துளையிட்ட பொருத்துகளில் மர முளை அடித்து இறுக்கிய அக்காலத் தச்சர்களின் தேர்ச்சி உண்மையிலேயே போற்றத்தக்கது.

ஜார்ஜ் சத்திரத்தின் நடுவிலுள்ள கல் வளைவு வாயிலின் வழியே நுழைந்தால் பின்முற்றம் வரும். அங்கே மேல் அறைகளை இணைக்கும் மரத்தாலான நடைமாடத்தையும் காணலாம். 1685 ஜூனில், மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துத் தாம் நடத்திய கிளர்ச்சியின்போது மான்மத் கோமகன் தங்கியதும் இச்சத்திரத்தில்தான்.