வாசகர் கேள்வி பதில்: முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஹாங்காங்

கேள்வி: 1993-ஆம் ஆண்டு அலுவலக வேலையாக ஹாங்காங் சென்று இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அந்த ஊர் இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. மகளைப் பார்க்க நானும் மனைவியும் வான்கூவர் செல்லவிருக்கிறோம்; வழியில் ஹாங்காங்கில் மூன்று நாள் தங்க ஆசை. ஏமாற்றம்தான் மிஞ்சும் என்கிறார்கள் நண்பர்கள். நான் பார்த்த ஊர் இன்னும் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி

பதில்: தங்குங்கள். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதால், அது எந்தப் பாதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வந்திறங்கிய காய் டாக் விமான நிலையம் இன்று இல்லை. மொட்டை மாடிகளில் உலரும் துணியைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் போல விமானம் தாழ்ந்து வந்து, கடலுக்குள் நீண்டிருந்த ஒற்றை ஓடுபாதையில் இறங்கிய அந்த அனுபவம் 1998 ஜூலை 6-ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று. ஓடுபாதையின் முனையில் இப்போது சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. சென்ட்ரல் பகுதியில் நீங்கள் படகேறிய பழைய துறையையும் 2006-இல் மூடிவிட்டார்கள். மக்கள் திரண்டு எதிர்த்தும் அதன் மணிக்கூண்டை இடித்து, கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். நேதன் சாலைக்கு மேலே பந்தல் போட்டதுபோல் தொங்கிய நியான் விளக்குப் பலகைகளில் பெரும்பாலானவை பாதுகாப்பு விதிகளின் பேரில் இறக்கப்பட்டுவிட்டன.

ஊரின் மனநிலையும் மாறியிருக்கிறது. 1997 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு வந்த ஊர் அது. 2019-இல் நடந்த பெரும் போராட்டங்களுக்கும், அடுத்த ஆண்டு வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பிறகு, பலர் குடும்பத்தோடு வெளிநாடு சென்றுவிட்டனர். உடன் வேலை பார்த்த பழைய நண்பர் யாரையாவது சந்தித்தால், அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகக் கிளற வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் தங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரில் கட்டடமும் கடையும் நிலைப்பதில்லை. ஆனால் படகும் டிராமும் நிலைத்திருக்கின்றன. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நெடுநாள் கழித்து இரண்டாம் முறை போனபோது, வான்சாயின் பின்தெரு ஒன்றில் இருந்த தேநீர்க்கடையைத் தேடி அரை நாள் அலைந்தேன். கடை இருந்த கட்டடமே இல்லை. அன்று மாலை மனம் சோர்ந்து சிம் ஷா சுயி துறைக்கு வந்து ஸ்டார் ஃபெர்ரி படகில் ஏறினேன். படகைத் திருப்பாமலே எதிர்த்திசையில் ஓட்டுவார்கள் என்பதால், ஏறுகிறவர்கள் மரப்பலகை இருக்கையின் சாய்மானத்தைப் படாரென்று மறுபக்கம் தள்ளிவிட்டு உட்காரும் அந்த ஓசை, நீலச் சீருடைக்காரர் நீண்ட கொக்கிக் கழியால் கரையிலிருந்து வடத்தை இழுத்துக் கட்டும் விதம், டீசல் புகையோடு கலந்த உப்புக் காற்று, எல்லாம் அப்படியே இருந்தன. துறை இடம் மாறியதால் பயணம் சில நிமிடங்கள் குறைந்திருந்தது, அவ்வளவுதான். 1888-இல் தொராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி வணிகர் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த படகுகள் இவை என்பதை உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள்.

அடுத்தது, 1904 முதல் ஓடும் டிராம். பின்வாசலில் ஏறி, மேல்தளத்தின் முன்வரிசையில் இடம் பிடித்து, மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான் வரை அவசரப்படாமல் போய்வாருங்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். இறங்கும்போது முன்வாசலில் கொடுத்தால் போதும். வண்டி போகும் டே வூ சாலையும் வான்சாயின் ஜான்ஸ்டன் சாலையும் ஒரு காலத்தில் கடலோரச் சாலைகளாக இருந்தவை. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கரையை வடக்கே தள்ளிக்கொண்டே போனார்கள். ஜான்ஸ்டன் சாலையில் டிராம் வளைந்து திரும்பும்போது நீங்கள் பார்ப்பது பழைய கரையின் வளைவுதான். 1993-இல் நீங்கள் கண்ட ஊரும் அதற்கு முந்தைய ஓர் ஊரின் மேல் எழுந்தது என்பது அங்கே கண்ணுக்கே தெரிகிறது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாளைப் புதியவற்றுக்கு ஒதுக்குங்கள். மேற்குக் கௌலூனில், தூர்த்த நிலத்தின் மேல், 2021-இல் திறந்த எம் பிளஸ் கலைக்கூடமும் 2022-இல் திறந்த அரண்மனை அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டில் ஒன்று போதும். மீதி நேரத்தில் மெட்ரோ ஏறி சுங் வோங் டோய் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் கௌலூன் சிட்டி; அன்று விமானத்தின் சன்னல் வழியே மேலிருந்து பார்த்த தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். நீங்கள் இருந்த ஆண்டில் இடிக்கத் தொடங்கிய, மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த 'சுவர் நகரம்' இப்போது அமைதியான பூங்காவாக இருக்கிறது. நேதன் சாலை மசூதி அருகே தமிழ் காதில் விழுந்தால் வியக்க வேண்டாம். ரத்தின வணிகத்துக்காகக் காயல்பட்டினத்திலிருந்து சென்றவர்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள்.

கேள்வி: ஹாங்காங்கை இருமுறை நன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். இம்முறை டொரன்டோ செல்லும் வழியில் பகலில் ஒன்பது மணி நேர இடைவெளி மட்டுமே இருக்கிறது. வெளியே போகலாமா?
– முனைவர் பட்ட மாணவி, மதுரை

பதில்: போகலாம். விமான நிலைய ரயில் 24 நிமிடத்தில் சென்ட்ரல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றாலும், ஊரை ஏற்கெனவே பார்த்த உங்களுக்கு நான் சொல்வது எதிர்த்திசை. கைப்பெட்டியை நிலையத்திலேயே கட்டணம் செலுத்தி வைத்துவிட்டு, எஸ்1 பேருந்தில் துங் சுங் போங்கள். அங்கிருந்து 5.7 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்தி, கடலுக்கும் மலைக்கும் மேலாக நொங் பிங் வரை செல்கிறது. 1993-இல் திறந்த 34 மீட்டர் உயர வெண்கலப் புத்தரைக் காண 268 படி ஏற வேண்டும். உட்கார்ந்தே பறக்கும் நாளில் கால்களுக்கு அது நல்லதுதான். பராமரிப்புக்காகவும் பலத்த காற்றுக்காகவும் ஊர்தியைச் சில நாட்கள் நிறுத்துவார்கள் என்பதால், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவை முதன்முறையாக அழைத்துப் போகிறேன். முட்டைகூடச் சாப்பிடாதவர். முன்பு நான் தனியாகப் போனபோது கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டேன்; இப்போது கவலையாக இருக்கிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் சிப்பிச் சாறோ உலர்ந்த இறாலோ கலந்த கீரை வந்துவிடக்கூடும், அங்கே அதை யாரும் அசைவமாக நினைப்பதில்லை. பௌத்த சைவ உணவைக் கண்டோனீஸ் மொழியில் 'ஜாய்' என்பார்கள். அந்தச் சொல் எழுதிய உணவகத்துக்கே போங்கள்; வெங்காயமும் பூண்டும்கூட அங்கே பெரும்பாலும் இருக்காது. டைமண்ட் ஹில்லில், ஆணியே அடிக்காமல் மரத்தால் இழைத்த சீ லின் மடத்துக்கு எதிரே நான் லியான் பூங்கா இருக்கிறது. அதற்குள் உள்ள சைவ உணவகம் அம்மாவுக்குப் பிடிக்கும். மாலையில் துணிப்பையில் வடித்துக் கெட்டிப்பால் சேர்த்துத் தரும் ஹாங்காங் தேநீரை வாங்கிக் கொடுங்கள். நம் ஊர் டீக்கடை நினைவு வரும்.

கேள்வி: விக்டோரியா சிகரத்துக்கு இரண்டாம் முறையும் போக வேண்டுமா?
– சேலம் வாசகி

பதில்: மலை ரயில் வரிசையில் நிற்பதற்காக என்றால் வேண்டாம். சென்ட்ரலிலிருந்து பேருந்தில் ஏறி, காட்சிக்கூடங்களை விட்டுவிட்டு, லுகார்ட் சாலையில் நடந்து செல்லுங்கள். துறைமுகம் முழுவதும் மரங்களுக்கிடையே கட்டணமின்றித் தெரியும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? விசா வேண்டுமா?
– பலர்

பதில்: அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வானம் தெளிந்து, வெயிலும் தணிந்திருக்கும். கோடையில் புயல் வரலாம். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் நான் இவ்வளவு நேரம் சொன்ன படகும் டிராமும் நின்றுவிடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவுக்குப் பதிலாகப் பயணத்துக்கு முன்பே பதிந்துகொள்வது 2017 ஜனவரி முதல் கட்டாயம். ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. பதிவு ஆறு மாதம் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். விதிகள் மாறக்கூடும் என்பதால் விமானச் சீட்டு வாங்கும் முன்பே பதிந்துவிட்டு, கிடைக்கும் பதிவுச் சீட்டை வெள்ளைத்தாளில் அச்சிட்டுக் கடவுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுகிறவர்களுக்கு இது தேவையில்லை.